படத்தில் இருப்பவர் யார்?

பொகவந்தலாவையில் செயின்ட் மேரிஸ் என்ற பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரட் கமரோன் என்ற அம்மையார் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். இவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். புகைப்படக் கலை புதிதாக இருந்த காலத்தில் இங்கிலாந்தில் பெரிய மனிதர்களையெல்லாம் படம் பிடித்துப் பெயர் வாங்கியவர். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரோனுக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் கோல்புறூக் - கமரோன் ஆணைக்குழுவில் வரும் கமரோன் இவர்தான். அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமானார்.

இலங்கையில் இருந்த நாட்களிலும் அவர் கமராவைக் கீழே வைக்கவில்லை. அப்படி எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தலையில் முக்காடிட்ட பெண்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆண்கள். நூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகும் கண் இமை கூடத் தெரிகிறது. ஆனால் படத்தின் கீழே அநேகமாகப் பெயர் கிடையாது. 'பெண்', 'தொழிலாளர்' என்ற அளவில் ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவுதான். எடுத்தவருடைய பெயர் கல்லில் இருக்கிறது. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், யாருடைய பிள்ளை என்பது எங்கும் இல்லை. இந்த இதழை வாசிக்கும் உங்களில் ஒருவருடைய பூட்டியாகவும் அவர் இருக்கலாம்.

இப்படிப் பெயரில்லாமல் போனவர்கள் நாம் மட்டுமல்ல. அமெரிக்காவிலே ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் கதையும் இதுதான். 1850இலும் 1860இலும் அந்த நாட்டில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் எசமானின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாக எழுதியிருக்கும். பெயருக்கு இடமில்லை. அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில்தான் அந்த மக்கள் எல்லோரும் பெயரோடு எழுதப்பட்டார்கள். தங்கள் குடும்பத்தின் வேரைத் தேடிப் போகிற கறுப்பின மக்கள் இன்றைக்கும் 1870ஐ ஒரு மதில் போலச் சொல்கிறார்கள். அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால் எசமான்களின் கணக்குப் புத்தகங்களையும் கிழவர் கிழவியர் சொன்ன கதைகளையும்தான் நம்ப வேண்டும். நல்லவேளையாக 1936 முதல் 1938 வரை அரசாங்க வேலைத்திட்டம் ஒன்றின்கீழ் எழுத்தாளர்கள் பல மாநிலங்களிலும் போய், அடிமைகளாக வாழ்ந்து அப்போதும் உயிரோடிருந்த 2,300 பேருக்கு மேற்பட்டவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்டு எழுதி வைத்தார்கள். இன்னும் பத்து வருடம் தாமதித்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

வங்கி எழுதுவினைஞர் ஒருவரின் பெட்டி

ஆர்ட்டூரோ ஷொம்பேர்க் என்ற மனிதரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இவர் போட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். சிறு வயதில் இவருடைய ஆசிரியர் ஒருவர், கறுப்பின மக்களுக்குச் சரித்திரமும் கிடையாது, பெரிய மனிதர்களும் கிடையாது என்று வகுப்பில் சொன்னதாகவும், அந்தச் சொல் தைத்துத்தான் தேடத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். நியூயோர்க்கில் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கறுப்பின மக்கள் எழுதிய புத்தகங்கள், கடிதங்கள், துண்டுப் பிரசுரங்கள், படங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். 1926இல் அந்தச் சேகரிப்பை நியூயோர்க் பொதுநூலகத்துக்காகப் பத்தாயிரம் டொலருக்கு வாங்கினார்கள். இன்று ஹார்லெம் பகுதியில் அவர் பெயராலேயே பெரிய ஆய்வு நூலகம் நடக்கிறது. அரசாங்கம் முன்வந்து தொடங்கிய காரியமல்ல இது. ஒரு குமாஸ்தாவின் வீட்டு அலுமாரியில் தொடங்கியது.

அப்படிச் சேர்த்து வைத்ததை இன்றைய இளைஞர்கள் புதுவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். நியூயோர்க்கில் கொலம்பஸ் சதுக்கம் என்று ஓரிடம். 1892இல் நிறுத்திய கொலம்பஸ் சிலை அங்கே உயர்ந்த தூணின்மேல் நிற்கிறது. கறுப்பின இளைஞர் சிலர் 2017இல் ஒன்று சேர்ந்து, இந்த நகரத்தில் யார் யாருக்குச் சிலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். கல்லில் சிலை வைக்கப் பணமும் வேண்டும், நகரசபையின் அனுமதியும் வேண்டும். ஆகவே கைத்தொலைபேசியில் சிலை வைத்தார்கள். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தால், வெறுமையாகக் கிடக்கும் இடத்தில், ஹெயிட்டித் தீவின் அடிமைகளை விடுதலைப் போருக்கு நடத்திய டூசான் லூவெர்த்யூர் நிற்பது திரையில் தெரிகிறது. அவரைப் பற்றிய பழைய படங்களும் கடிதங்களும் கூடவே வருகின்றன. இந்தச் செயலிக்கு அவர்கள் வைத்த பெயர் 'கின்ஃபோக்'. நம் பேச்சில் சொல்வதானால் 'சொந்தபந்தம்'.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர். தமிழில் 'மிகை மெய்ம்மை' என்று எழுதுகிறார்கள். பெயர்தான் மிரட்டுகிறது. காரியம் நமக்குப் பழகியதே. தோட்டத்தில் அர்ச்சுனன் தபசு ஆடும்போது நட்ட மரத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அது மரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே கைலாசத்தைப் பார்க்கிறோம். கீழே இருட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. கைத்தொலைபேசியும் இதையே செய்கிறது. எதிரே உள்ள காடும் பாறையும் திரையில் தெரியும். அந்தக் காட்டின்மேல், அங்கே முன்பு நின்ற லயமும் தெரியும்.

நம் கணக்கு எங்கே இருக்கிறது?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். மொரீசியஸ், பீஜி, திரினிடாட் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல்வாரியாகப் பதிவேடு உண்டு. மொரீசியசில் ஒவ்வொருவருக்கும் இலக்கம், தகப்பன் பெயர், ஊர், ஏறி வந்த கப்பல் எல்லாம் எழுதி வைத்தார்கள். ஒரு காலகட்டத்துக்குப் பின் படமும் எடுத்து ஒட்டினார்கள். இன்று அங்கே பேரப்பிள்ளைகள் போய்க் கேட்டால் தாத்தாவின் பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் என்ற துறைமுகப் படிக்கட்டை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக்கியது.

இலங்கைக்கு வந்தவர்களின் கதை வேறு. இங்கே கடல் குறுகியது. கங்காணிதான் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. யார் வந்தார், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் பெரும்பாலும் கங்காணியின் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும்தான் இருந்தன. தோட்டம் மாறுகிறவன் 'துண்டு' கொண்டுபோக வேண்டும். அதில் எழுதியிருந்தது அவனுடைய கடன். இந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டும் வந்தது. வட்டத் தகடு, அதில் தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் குத்தியிருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமைத் தாண்டி வந்தார்கள். அமெரிக்க அட்டவணையில் வயதும் நிறமும் இருந்ததென்றால், நம்மவர் கழுத்தில் இலக்கம் இருந்தது. அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. அதை ஒன்றாக்கிப் பேசுவது சரியுமல்ல. பெயர் போன விதம் மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது.

அதனால்தான் நம் ஆவணம் அரசாங்கக் கட்டடத்தில் இருப்பதைவிட அதிகமாக நம் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. பத்துச்சீட்டு, தோட்டத்துப் பிறப்புச் சாட்சி, ஞானஸ்நானப் பத்திரம், சங்கத்துச் சந்தா அட்டை, 1949ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, கடவுச்சீட்டு, கோயில் திருவிழாவில் எடுத்த ஒரே ஒரு குடும்பப் படம். 1948இல் குடியுரிமை பறிபோனபின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்று கடதாசி காட்டச் சொன்னார்கள். காட்ட முடியாதவர்கள் தள்ளப்பட்டார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும் கடதாசிதான் பேசியது. 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம். ஒரே லயத்தில் அண்ணன் மண்டபத்துக்கும் தம்பி மலைக்குமாகப் பிரிந்தார்கள். அண்ணன் கொண்டுபோன பெட்டி இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ பேரன் வீட்டுப் பரணில் கிடக்கலாம்.

1977இலும் 1981இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காந்தியம் போன்ற அமைப்புகள் கைகொடுத்தன. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை நெல்லும் உழுந்தும் விதைத்தது. பிறகு அங்கேயும் யுத்தம் வந்தது. 2009 வரை ஓட்டம்தான். ஒவ்வோர் ஓட்டத்திலும் முதலில் எடுத்தது பிள்ளை. இரண்டாவது எடுத்தது பத்திரப் பை. அந்தப் பையும் ஆற்றில் போனவர்கள் உண்டு. மலையிலேயே இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடெங்கும் சரிவுகள். மண்ணுக்கடியில் போன வீடுகளில் பெட்டிகளும் இருந்தன.

இடம் ஓரிடத்தில், அதைத் தெரிந்தவர் வேறிடத்தில், கடதாசி மூன்றாமிடத்தில் என்று கிடக்கிற மக்கள் நாம். இந்த மூன்றையும் ஒரே திரையில் சேர்க்க முடியும் என்பதனால்தான் இந்தப் புது வித்தையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம். வேடிக்கை காட்டுவதற்காக என்றால் இதற்குப் பக்கம் ஒதுக்கத் தேவையில்லை.

எங்கே என்ன தெரிய வேண்டும்?

கண்டியில் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டிய ஸ்டோர் கட்டடம். 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய இயந்திரங்கள், ரோலர்கள், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம். டெய்லருக்குத் தலவாக்கலைப் பாதையில் சிலையும் உண்டு, கண்டி மகையாவையில் கல்லறையும் உண்டு. அந்த 19 ஏக்கருக்குக் குழி வெட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கம்பளைக்கு அருகே பாரதெக்கையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் இன்னோர் அருங்காட்சியகம் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பழைய லயம் ஒன்றிலேயே தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணகமும் இது. வேலைக் கருவிகள், வீட்டுச் சாமான்கள், நகைகள், தப்பு முதலான வாத்தியங்கள், பழைய பத்திரங்கள், படங்கள் என்று மக்களிடமிருந்து சேர்த்தவை அங்கே இருக்கின்றன. ஹந்தானையில் இயந்திரத்தைப் பார்க்கலாம். ஓல்ட் பீக்கொக்கில் அதை ஓட்டியவனைப் பார்க்கலாம். பிள்ளைகளை இரண்டாவது இடத்துக்குத்தான் முதலில் கூட்டிப்போக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். இணையத்தில் நூலகம் நிறுவனம் 2005 முதல் தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் வருடி யாரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்துள்ளது. மலையகத்தில் வந்த 'கொழுந்து', 'குன்றின் குரல்' போன்ற இதழ்களும் அங்கே கிடைக்கின்றன.

ஆகவே கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இவற்றை எடுத்து, நடந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் அடுத்த வேலை. ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றபோது சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். ஹட்டனிலே 1930களில் கோ. நடேசய்யர் சங்கம் வளர்த்தார். மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். இன்று ஹட்டன் தெருவில் நடக்கிற பிள்ளைக்கு அது எந்த இடம் என்று தெரியாது. தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை போகிற வடக்குப் பாதை முழுவதுமே இப்படிக் காட்ட வேண்டிய இடம்தான். 2023இல் மலையகம் 200 நினைவாக ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை அந்த வழியில் நடந்து போனார்கள். நடந்தவர்கள் பார்த்தது தார் ரோட்டை. அதே தார் ரோட்டின் ஓரத்தில், பழைய தங்குமடமும் கொலராவில் இறந்தவர்களைப் புதைத்த இடமும் திரையில் எழுந்தால் எப்படியிருக்கும்!

பெரிய இடங்கள் போகட்டும். உங்கள் லயம் நின்ற இடம்? பெரட்டுக்களம்? கொழுந்து மடுவம்? பிள்ளைக்காம்பரா? இவற்றைப் பற்றி எந்த நூலிலும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை.

வித்தை எப்படி வேலை செய்கிறது?

தொலைபேசி தான் இருக்கும் இடத்தை இரண்டு விதமாக அறிகிறது. ஒன்று, படத்தைப் பார்த்து. ஒரு பலகையிலோ பாறையிலோ ஒட்டிய படத்தின் மூலைகளையும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளையும் கமரா பார்க்கிறது. முன்பே கொடுத்து வைத்த படத்தோடு அவை பொருந்தினால், எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டு, அதன்மேல் பழைய காட்சியை வைக்கிறது. மங்கிப்போன பழைய படத்தை அப்படியே ஒட்டினால் அதற்குப் பிடிபடாது. தெளிவான கோலம் போன்ற ஓர் அடையாளத்தைப் பக்கத்தில் அச்சடித்து வைக்க வேண்டும். நுவரெலியா மூடுபனியில் கமராவுக்கும் நம்மைப்போலவே கண் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மற்றது, செய்மதியைக் கேட்டு. 2016இல் உலகமெங்கும் பிள்ளைகள் தெருத்தெருவாக ஓடிய 'போக்கிமொன் கோ' விளையாட்டு இப்படித்தான் இடம் பார்த்தது. இதில் சில மீற்றர் பிசகும். பள்ளத்தாக்கிலும் மரத்துக்கு அடியிலும் இன்னும் கூடுதலாகப் பிசகும். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆகவே உங்கள் பாட்டியை அடுத்த வீட்டு இஸ்தோப்பில் உட்கார வைத்துவிடும். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருந்தால் அதுவும் வம்புதான். தோட்டங்களுக்கு அடையாளப் பலகை முறையே பொருத்தம்.

விலை குறைந்த எல்லாத் தொலைபேசியிலும் இது ஓடாது. சிக்னலும் எல்லா டிவிசனிலும் கிடையாது. ஆகவே ஒரு குழுவுக்கு ஒரு நல்ல தொலைபேசி இருந்தால் போதும்; படங்களை முன்கூட்டியே அதில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால், பலகையில் சதுரக் குறியீடு ஒன்றை அச்சடித்து, அதைப் படம் பிடித்தால் பழைய படமும் குரலும் வரும்படி செய்யலாம். அதற்குச் சாதாரணத் தொலைபேசியும் கொஞ்சம் சிக்னலும் போதும். ஒன்றுமே முடியாவிட்டால், பழைய படத்தைப் பெரிதாக அச்சடித்து, அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று கையால் தூக்கிப் பிடியுங்கள். பாதி வித்தை அதிலேயே நடந்துவிடும்.

தொலைபேசி வேலையை நம் இளைஞர்கள் ஒரு மாதத்தில் படித்துக்கொள்வார்கள். எந்தத் தொலைபேசியாலும் செய்ய முடியாத வேலை, படத்தில் இருப்பவர் யார் என்று சொல்வது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று எண்பது வயது.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

பத்திரங்களைக் கதவருகே பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்து, தொலைபேசியை நேர் மேலே பிடித்துப் படமெடுங்கள். பிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் எடுங்கள்; பின்பக்கத்தில்தான் பல நேரம் கங்காணியின் கையெழுத்தும் தோட்டத்து முத்திரையும் இருக்கும். அளவு தெரிய ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். பழைய படத்தின் பின்னால் பெயர் எழுதுவதானால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்; பேனா மை ஊறி முகத்துக்கு வரும். செலோடேப் ஒட்ட வேண்டாம். நம் ஆட்கள் பத்திரம் என்றால் உடனே லெமினேட் பண்ணக் கொடுப்பார்கள். சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. கடதாசியும் அதோடு போகும். பழைய மூலப்பத்திரத்தை லெமினேட் பண்ணாதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில் வைத்தால் போதும்.

வெள்ளத்தில் நனைந்த கடதாசியை வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ காயவைக்கக்கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களைப் பலவந்தமாகப் பிரிக்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சநேரம் போட்டால் பெரும்பாலும் தாமாக விடும். பிறகு முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது, "உங்க வாழ்க்கையச் சொல்லுங்க தாத்தா" என்று பொதுவாகக் கேட்டால், "என்னத்தச் சொல்ல, கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார்கள். இடத்தைக் கேளுங்கள். "பெரட்டுக்களம் எந்தப் பக்கம்? லயத்துல முதல் காம்பரா யாரோடது? அடுத்தது? தண்ணிப் பீலி எங்க இருந்துச்சு அம்மாயி? காமன் எங்க நட்டாங்க?" என்று கேட்டால் அவர்களுடைய மனம் அந்த வழியாக நடக்கத் தொடங்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர் வரும், பெயரோடு ஒரு கதை வரும். பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கையோடு ஒரு தாளில் லயத்தின் படத்தையும் வரையுங்கள். அந்தக் கோணல்மாணல் படம், எந்தத் துரையும் வரைந்து வைக்காத வரைபடம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பங்கு இங்கேதான் பெரியது. வன்னியில் இருக்கிற பெரியம்மாவுக்கு லயம் நின்ற இடம் ஞாபகம் இருக்கிறது. இடம் அவருக்கு எட்டாது. தோட்டத்தில் இருக்கிற இளைஞருக்கு இடம் பக்கத்தில். அங்கே என்ன இருந்தது என்று தெரியாது. வீடியோ அழைப்பில் இருவரையும் சேர்த்துவிடுங்கள். "அந்தப் பலாமரம் இருக்கா? அதுக்குக் கீழ பாறை ஒண்ணு இருக்குமே? அங்க நில்லு தம்பி" என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் குச்சி நட்டுக்கொண்டு போகட்டும். நீலகிரிக்குப் போன அண்ணன் குடும்பத்துக்கும் அப்படியே ஓர் அழைப்பு. பலகை வைக்க வேண்டிய இடம் அந்தக் குச்சி நிற்கும் இடம்தான்.

யார் கையில் இருக்க வேண்டும்?

மூலப்பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், பிரதி கொடுங்கள். அடையாள அட்டை இலக்கம், காணிப்பத்திர இலக்கம் போன்றவற்றை மறைத்த பிறகே படத்தை வெளியே விட வேண்டும். உயிரோடு இருப்பவர் படமானால் அவரைக் கேட்க வேண்டும். சில கதைகளைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லுவார்கள். சாதியால் பட்டது, கங்காணி வீட்டில் நடந்தது, ஓடிப்போனது. அவற்றைப் பதிவு செய்து வீட்டோடு வைக்கலாம். ஊருக்குக் காட்டத்தான் வேண்டும் என்று சட்டம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துரைமார் பங்களாக்கள் பல இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகள். அங்கே வருகிறவர்களுக்கும் இந்த வித்தையால் காட்சி காட்டலாம். கூடையோடு சிரிக்கும் பெண் திரையில் எழுந்து "வாங்க" என்று அழைப்பது வியாபாரத்துக்கு நல்லது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்குமா, அட்டை கடித்த கால் தெரியுமா, அவள் குடும்பம் இன்னும் பத்தடிக் காம்பராவில் இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா என்பதே கேள்வி. நியூயோர்க் இளைஞர்கள் தங்கள் காட்சிக்குத் தாங்களே வசனம் எழுதினார்கள். நம் காட்சிக்கு வசனம் எழுதுகிறவர் லயத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். எழுதியதை முதலில் வாசித்துத் திருத்துகிறவர் அந்த எண்பது வயதுக்காரராக இருக்க வேண்டும்.

காணியும் வீடும் கேட்டு நிற்கிற குடும்பத்துக்கு இது என்ன பிரயோசனம் என்று கேட்பது நியாயமே. திரையில் தெரியும் லயத்தால் ஒரு பேர்ச் காணியும் கிடைக்காது. ஆனால் 1949இல் கடதாசி இல்லாதவன் தள்ளப்பட்டான். 1988இலும் 2003இலும் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தபோது நாற்பது, ஐம்பது வருடம் கழிந்திருந்தது. எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், எத்தனை தலைமுறை இருந்தோம் என்பதைப் படத்தோடும் இடத்தோடும் பெயரோடும் ஒரு ஊரே சேர்ந்து எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

மாதர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், அறநெறி வகுப்புகள், ஞாயிறு பள்ளிகள் எதுவானாலும் ஒரு லயத்தை எடுத்துத் தொடங்கலாம். வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்துக் காம்பரா. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காம்பராவுக்குப் பொறுப்பு. அங்கே இருந்தவர் யார், எங்கிருந்து வந்தார், இப்போது அவர் பிள்ளைகள் எங்கே என்பதை ஒரு கொப்பியில் எழுதட்டும். படம் கிடைத்தால் ஒட்டட்டும். கிடைக்காவிட்டால் இடம் விட்டு வைக்கட்டும்.